தண்ணீர்மலைக் குரங்கின் முதல் அச்சு

தெரு வாசகசாலையின் தலைவர் கார்த்திகேசுவுக்குப் பத்திரிகையில் தம் படம் வரவேண்டும் என்று ஆசை. பேராசை என்று சொல்வதற்கில்லை. உபதலைவர் லாரன்ஸின் படம் போன வருஷமே வந்துவிட்டது. அன்றிலிருந்து, கப்பல் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே தலைமைக் கிராணியாக இருந்தென்ன, காலைக் காப்பியே அவருக்குக் கசந்தது.

அந்தக் கசப்பைப் போக்கத்தான் 1934-இல் பினாங்கிலே மர அச்சுப் படக் கண்காட்சி ஒன்று ஏற்பாடாயிற்று. படங்கள் சித்திர ஆசிரியை அக்னஸுடையவை. பலகையில் படத்தை மட்டும் மேடாக விட்டு மற்றதைச் செதுக்கித் தள்ளுவாள். மேட்டில் மையை உருட்டித் தாளில் அழுத்தி எடுப்பாள். ரிக்‌ஷா, மீன்கூடை, படகுத்துறைப் பூனை என்று வாசகசாலை மேசைகளுக்கு மேலே கயிற்றில் வரிசையாகத் தொங்கின.

கார்த்திகேசு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எல்லாம் கறுப்பாவே இருக்கே அம்மா. துக்க வீடுன்னு நெனைச்சுடப் போறாங்க."

"அச்சு அப்படித்தான் ஐயா இருக்கும்."

"சரி, நான் நடுவுல நின்னா கொஞ்சம் கலகலப்பாயிடும்."

புதுப் பலகை ஒன்றின் முதல் அச்சைத் தலைவர் தம் கையால் தாளில் அழுத்துவது, அதைப் படக்காரர் முகம்மது கனி படம் பிடிப்பது என்று திட்டம். பலகையில் இருந்தது பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் குரங்கு: கையில் வாழைப்பழம், தலைக்கு மேலே தூக்கிய வால். அளவில் ஒரு உள்ளங்கை இருக்கும்.

தலைவர் சரிகைத் தலைப்பாகையோடு வந்தார். பட்டை பட்டையாகப் பூசிய திருநீறு படத்தில் விழவேண்டும் என்று தலைப்பாகையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். கண்ணாடி மின்னும் என்று கனி சொன்னதால் மூக்குக்கண்ணாடி சட்டைப்பைக்குள் போய்விட்டது. அது இல்லாவிட்டால் அவருக்கு அக்னஸும் புத்தக அலமாரியும் ஒன்றுதான்.

"கலை என்பது யாதெனில்," என்று தொடங்கி, யாதென்று சொல்லாமலே வெகுநேரம் பேசினார். அக்னஸ் மை உருட்டிய பலகையை நீட்டினாள்.

"ஐயா, மை ஈரமா..."

"பேசறப்பக் குறுக்கே பேசப்படாது. கலையை எப்படி வாங்கணும்னு எனக்குத் தெரியும்."

இரண்டு கையாலும் வாங்கினார். எந்த நல்ல பொருள் கைக்கு வந்தாலும் செய்கிற மாதிரி கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். பக்தி கொஞ்சம் கூடிப்போய் நெற்றியிலேயே வைத்து, கண்ணை மூடி, நன்றாக அழுத்தினார்.

சபை மூச்சுவிடவில்லை. தம் பணிவைக் கண்டு உருகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் கார்த்திகேசு.

தலைவர் மட்டும் பணிவாக இருப்பதை லாரன்ஸால் பொறுக்க முடியுமா? பக்கவாட்டில் நின்ற அவருக்குத் தலைவரின் காதுதான் தெரிந்தது. பலகையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தம் நெற்றியில் ஒற்றி, சிலுவையும் போட்டுக்கொண்டார். ஆனால் மை முழுவதும் தலைவருக்கே செலவாகிவிட்டிருந்தது. லாரன்ஸுக்குக் கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்.

பின்வரிசையில் ஒருவர் இருமினார். இருமல் சிரிப்பாகி, கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

"எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு," என்றாள் அக்னஸ், தன்னை மறந்து. "திருநீறு நல்ல வெள்ளைப் பின்னணி ஐயா. பழத்துத் தோல்கூடத் தெரியுது."

கைப்பையிலிருந்து முகக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். கார்த்திகேசு தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். குரங்கும் தலைகீழாக நின்று அவரைப் பார்த்தது.

"தண்ணி கொண்டாங்க."

"தண்ணிக்குப் போகாது ஐயா. எண்ணெய் மை. மண்ணெண்ணெய்தான் வேணும்."

"வெளிச்சம் போகுது லா," என்று பினாங்குப் பேச்சில் அவசரப்படுத்தினார் கனி. "நாளைக்கு நான் கெடாப் பக்கம் கல்யாண வேலையாப் போறேன். எடுத்தா இப்ப எடுக்கணும்."

லாரன்ஸ் கைக்குட்டையால் ஒரே துடைப்பில் பளிச்சென்று ஆனார். ஆகி, நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க போய்க் கழுவிட்டு நிதானமா வாங்க தலைவரே. நான் இருக்கேன்ல."

கார்த்திகேசுவுக்கு இன்னொரு வருஷக் கசப்புக் காப்பி கண்முன் வந்து நின்றது. அவசரமாகத் தலைப்பாகையை முன்னுக்கு இழுத்தார். குரங்கு மறைந்தது, கூடவே கண்ணும் மறைந்தது. கீழே நீட்டிக்கொண்டிருந்த வால் மட்டும், அச்சு தலைகீழாக விழுந்திருந்ததால், மூக்கின்மேல் வந்து சுருண்டு நின்றது.

கனி கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"ஐயா, வால் மட்டும் தெரிஞ்சா சனங்க இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. முழுசாத் தெரிஞ்சா குரங்குன்னு விட்டுடுவாங்க."

கார்த்திகேசு யோசித்தார். பிறகு தலைப்பாகையைப் பழையபடி பின்னுக்குத் தள்ளி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியருகே போனார்.

"லாரன்ஸ், எந்திரிங்க. அது தலைவர் நாற்காலி."

"நெத்தியில அது இருக்கே..."

"அச்சுப் படக் கண்காட்சியில அச்சு விழுந்தவன்தான் நடுவுல உக்காரணும். உங்களுக்குத்தான் சரியா விழலையே."

லாரன்ஸ் எழுந்தார். கார்த்திகேசு உட்கார்ந்து, முகவாயைத் தூக்கி, நெற்றிக் குரங்கை விரலால் சுட்டி, கனியைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு பேரும் தெளிவா இருக்கணும். பாத்து எடுங்க."