மூன்று அங்குலம் உள்ளே

1.
ஊர்ச் சபையார் எங்கள் ரயில்பாதையின் வரலாற்றைக் கேட்டார்கள். கட்டுரைதான் எழுத உட்கார்ந்தேன். 'அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் வடக்கிலும் மேற்கிலும் தண்டவாளம் காடாய்ப் பெருகியது, தெற்கிலோ...'

அந்தத் 'தெற்கிலோ'வில் பேனா நின்றுவிட்டது. (அதற்குப் பிறகு வழக்கமாக ஓர் ஒப்பாரி வரும். வர்ஜீனியாக்காரனான எனக்கு அது ஒத்துவராது.) ஆகவே கதை.

2.
அந்தக் காலத்தில் எங்கள் பாதை வடக்கத்திப் பாதையைவிட மூன்று அங்குலம் அகலம். அவர்கள் பெட்டி இங்கே ஓடாது. பயணிகள் எங்கள் சந்திப்பில் இறங்கி வண்டி மாறியாக வேண்டும். இறங்கியவர்களுக்குப் பொரித்த கோழி விற்றாள் பெர்மீலியா. அடிமையாகப் பிறந்தவள், தலைச்சுமைத் தட்டை வைத்தே சொந்த வீடு கட்டியவள். கணவன் லூஷியஸ், பாதை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி.

1886இல் உத்தரவு வந்தது: தெற்கு முழுவதும் ஒரு பக்கத் தண்டவாளத்தை மூன்று அங்குலம் உள்ளே தள்ள வேண்டும்.

"இனிமே நியூயார்க் பெட்டி நேரா நம்மூருக்கே வரும், மீலி," என்றான் லூஷியஸ்.

"வரும். நிக்காமப் போகும்."

(முதல் வரைவில் அவளைக் கெஞ்சவிட்டேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த வீட்டைப் பார்த்தவர் யாரும் நம்பமாட்டார்கள்.) அவள் சொன்னது இதுதான்: "போய்ப் போடு. கோணலாப் போட்டுட்டு மட்டும் வந்துடாத."

3.
விடிந்ததும் ஆணிகளைப் பிடுங்கினார்கள். லூஷியஸ் பாட்டெடுத்தான், கடப்பாரைகள் ஒன்றாய் நெம்பின, தண்டவாளம் நகர்ந்தது, ஏதோ ஒரு... (இங்கே ஓர் உவமை இருந்தது. பாட்டே போதும்.) பொழுது சாய்வதற்குள் தங்கள் பங்கை முடித்தார்கள். அளவுகோலோடு பின்னால் வந்த வெள்ளைக்கார மேற்பார்வையாளர் ஓர் ஆணியைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

மறுநாள் முதல் வண்டி வந்தது. பெர்மீலியா தட்டோடு நின்றாள். வண்டி நிற்கவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகு லூஷியஸ் பாதையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"வண்டி துளிகூட ஆடலையே," என்றாள். அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

4.
முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஓட்டுநர் மனமிரங்கி வண்டியை நிறுத்தினார். இன்னொன்றில் லூஷியஸ் மன்னிப்புக் கேட்டான். இரண்டையும் கிழித்தாயிற்று.

மிஞ்சியது இவ்வளவுதான். அடுத்த வாரம், எல்லா ஊரிலும் நின்று போகும் வண்டியில் அவளே ஏறினாள். பொரித்த கோழிக் கூடையை லூஷியஸ் தூக்கிக் கொடுத்தான்.

"எது வரைக்கும் போற?"

"நீ போட்ட பாதைதானே? எங்க போய் முடியுதுன்னு பாத்துட்டு வரேன்."

எந்த ஊரில் இறங்கினாள் என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்த ஊரில் இறக்கிவிடுங்கள். தலைகுனிந்து மட்டும் இறக்காதீர்கள்.