துடுப்பில் ஒரு வட்டம்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால். டெல்வினா காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினாள். இஸ்திரி மேசைமேல் கணவன் ரோலண்ட் விருந்தில் போர்த்தி ஆடும் போர்வை விரிந்து கிடந்தது. கறுப்புக் கம்பளியில் சிவப்புத் திமிங்கிலம், ஓரமெங்கும் சிப்பிப் பொத்தான்கள். நாளைய விருந்துக்காக இரவே தேய்த்து வைத்திருந்தான்.

திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பில், தைக்கும்போதே விட்ட வட்டமான ஓர் ஓட்டை.

கல்யாணமான நாள் முதல் அந்தப் போர்வை படுக்கையறைச் சுவரில்தான் தொங்கியது. அதைப் பார்ப்பதையே அவள் மறந்திருந்தாள். இப்போது பார்த்தாள்.

அடுப்பை அணைத்தாள். கணவனை எழுப்பவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

தென்கிழக்குக் காற்று கடலைக் கரைமேல் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கிடகேட் ஊர்மன்றத்தின் சமையலறையில் மட்டும் விளக்கு எரிந்தது. பெண்கள் ஹாலிபட் மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிற்காமல் உள்ளே போனாள்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே அவள் வரைந்த திரை நின்றது. நான்கு ஒட்டுப்பலகைகள். குறுக்கே ஒரே திமிங்கிலம். துடுப்பின் நடுவில், கறுப்புக்குள், வெள்ளையாக ஒரு வட்டம்.

அதே வட்டம்.

ஊரில் எல்லாரும் அம்மா வழியில் கழுகுப் பக்கம், இல்லையென்றால் அண்டங்காக்கைப் பக்கம். அண்டங்காக்கைப் பக்கத்தார் எடுக்கும் விருந்துக்குக் கழுகுப் பக்கத்தார்தான் வேலை செய்ய வேண்டும். டெல்வினா அம்மா வழியில் கழுகு. அப்பா அண்டங்காக்கை. அவர் போன வருடம் இறந்தார். அவர் தாங்கிய தலைமைப் பெயர் அவருடைய அக்கா மகன் ஆர்ச்சிக்குப் போகிறது. நாளை இந்தத் திரைக்கு முன்னால் நின்று அவன் அதை ஏற்பான். ஊர் சாட்சியாக உட்காரும். சாட்சி சொல்ல வந்தவர்களுக்குத்தான் பரிசு கொடுப்பார்கள்.

அப்பா குடும்பத்துத் திமிங்கிலத்துக்குத் துடுப்பு முழுக் கறுப்பு. ரோலண்டும் அண்டங்காக்கைதான், ஆனால் வேறு குடும்பம். ஓட்டை அவர்களுடைய சின்னம். வேறு எவரும் போடக்கூடாது. சாட்சிகளுக்கு முன் போட்டுக் காட்டினால், எங்களுடையது என்று உரிமை கொண்டாடியதாகிவிடும். ரோலண்டின் அக்கா நோரீன் அங்கேயே எழுந்து கேட்பாள். நோரீனுக்கு மைக் தேவைப்படாது.

திங்கட்கிழமைவரை துடுப்பு முழுக் கறுப்பாகத்தான் இருந்தது. படம் முழுவதையும் அது கீழே அழுத்தியது. செவ்வாய்க்கிழமை அவள் வட்டத்தைத் திறந்தாள். திமிங்கிலம் மூச்சு விட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டியில் பாடிக்கொண்டே போனாள். தானே கண்டுபிடித்ததாக நினைத்திருந்தாள்.

பின்னால் ஏதோ நறநறவென்றது. ஆர்ச்சி. கையில் ஒரு தட்டு. கடற்பாசி இலையில் அப்பிய மீன்முட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமன் மகளே, தூக்கம் வரலியா? பேர் வாங்கப்போறவன் நானு. முழிச்சுக் கெடக்க வேண்டியது நான்தானே?"

"அத்தான், துடுப்பப் பாருங்க."

"பாத்தேன்."

"நல்லாப் பாருங்க."

"செவ்வாக்கெழமையே நல்லாப் பாத்தேன் டெல்." இன்னொரு கடி கடித்தான்.

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"அழகா இருந்துச்சு."

"அத்தான்!"

அவன் தட்டைப் பெஞ்சில் வைத்தான். "அந்த ஓட்டை முன்ன எங்க குடும்பத்தோடதுதான். அம்மை வந்து ஊரூராச் செத்தப்ப, ரோலண்டு குடும்பத்துல மிஞ்சி வந்தவங்களுக்கு நாங்கதான் எடம் குடுத்தோம். போறப்ப ஓட்டையையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"அவங்க வீட்ல?"

"அவங்க வேற மாதிரி சொல்லுவாங்க."

"அதுக்கு என் கையா கெடச்சுது உங்களுக்கு?"

"நானா போடச் சொன்னேன்? நீயாப் போட்ட. கழுகுக்காரி, அவங்க வீட்லயே வாழ்க்கைப்பட்டவ, தானாப் போட்டிருக்கா. நோரீன் குதிச்சான்னா யாரப் பாத்துக் குதிப்பா?"

"என்னப் பாத்துத்தான்."

"பாத்தியா."

"கதையில வர்ற அண்டங்காக்கையோட திருட்டுப் புத்தி உங்களுக்கு அப்படியே இருக்கு."

"நீயும் அந்தக் காக்காவுக்குப் பொறந்தவதாண்டி."

அவள் கறுப்புச் சாயத்தின் மூடியை உளியால் நெம்பினாள். ஆர்ச்சியின் சிரிப்பு நின்றது.

"டெல், வேண்டாம். அத மூடினா படம் செத்துப்போயிரும். என்னவிட உனக்கு நல்லாத் தெரியும்."

தெரியும்.

"உங்கப்பன் பேர ஏத்துக்கற எடம். அதுக்கு முன்னாடி ஒரு பொணத்தையா நிறுத்தப்போற?"

"அப்பா இருந்தா இந்நேரம் உங்க காதப் பிடிச்சுத் திருகியிருப்பாரு. நகருங்க."

அகலத் தூரிகையை முக்கி எடுத்தாள். வட்டத்தின் விளிம்பில் ஒரு கணம் கை நின்றது. பிறகு இறங்கியது. ஓட்டை போய்விட்டது.

பின்வாங்கி வந்து பார்த்தாள். ஈரக் கறுப்பு பளபளத்தது. திமிங்கிலம் பழையபடி அமுங்கிப்போயிருந்தது. இடது கோடிக்குப் போய்ப் பார்த்தாள். வலது கோடிக்கு நடந்தாள். நாற்காலியில் ஏறினாள், இறங்கினாள். துடுப்பின் அடியை மெலிதாக்கலாமா? நுனியைப் பிளக்கலாமா? உள்ளே ஒரு முகம் வைக்கலாமா? வெள்ளை விட எங்கே இடம் தேடினாலும் அங்கே ஏற்கெனவே ஏதோ ஒரு குடும்பத்தின் சின்னம் உட்கார்ந்திருந்தது.

"ஒரு எடத்துல நில்லேன். எனக்குத் தல சுத்துது" என்றான் ஆர்ச்சி.

"கண்ண மூடிக்கங்க."

கதவு காற்றில் அறைந்து திறந்தது. ரோலண்ட். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"சொல்லாம ஓடி வந்துட்டே! ராத்திரியே சொல்லலாம்னு பாத்தா, குறட்டை விட்டுட்டிருந்த. நோரீன் ஒத்துக்கிட்டா!"

"எதுக்கு?" என்றாள்.

"ஓட்டைக்குத்தான். புதன்கெழம நாற்காலி எறக்க வந்தப்பவே பாத்துட்டேன். எதுக்குப் போட்டன்னு உங்கிட்ட கேட்டா நீ மூடிருவ. அதான் நேரா அவகிட்ட போயிட்டேன். ரெண்டு நாளாக் கத்தினா. என் பொறப்பையே இழுத்துப் பேசினா. கடைசியில, 'சரி, ஆர்ச்சிக்கு ஒரு நாள் எரவல். நானே எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்றேன்'னுட்டா."

ஆர்ச்சி பெஞ்சிலிருந்து எழுந்தான். "எரவலா? யாருக்கு யாரு எரவல் குடுக்கறது?"

"உனக்குத்தான். சந்தோசப்படு." ரோலண்ட் அப்போதுதான் திரையைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது. அருகே போய்த் துடுப்பின் நடுவில் ஒரு விரலை வைத்தான். விரல் கறுப்பாக வந்தது.

டெல்வினா தூரிகையைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

"ரெண்டு வீடும் பேசி எத்தன வருசம் ஆச்சுன்னு உனக்குத் தெரியும்" என்றான் ரோலண்ட். "நாளைக்கு எங்கக்கா எந்திரிச்சு நின்னு எதக் காட்டிப் பேசுவா, டெல்?"