திறப்பு விழாவுக்கு முன்

சுலோசனா டீச்சர் ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டார். உப்பளத்தை ஒட்டிய அந்த நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்ததிலிருந்து அவர் கேட்டது ஒழுகாத வகுப்பறையும் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும்தான். மனு கொடுத்தார். போட்டோ எடுத்து அனுப்பினார். மரக்காணம் பக்கம் எந்த அதிகாரியின் ஜீப் வந்தாலும் குறுக்கே போய் நின்றார். "இந்தம்மா தொல்லை தாங்க முடியலப்பா" என்று அலுத்துக்கொண்டே கடைசியில் இரண்டையும் கட்டிக் கொடுத்தார்கள்.

நன்றாகவே கட்டியிருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். விசாலமான வகுப்பறைகள், டைல்ஸ் தரை, ஃபேன். பின்பக்கம் வரிசையாகக் கழிப்பறைகள், நீலக் கதவு, மேலே கறுப்பு டேங்க். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துவிட்டு டீச்சர் அழுதே விட்டார். அழுது முடித்த கையோடு செய்தார் பாருங்கள் ஒரு வேலை! எல்லாக் கதவையும் சாத்தி, புதுக் கட்டடத்தின் வெளி கேட்டில் பெரிய பூட்டாக ஒன்றைப் போட்டார்.

திறப்பு விழா நடக்க வேண்டாமா? பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும்போது சேற்றுக் காலோடு பிள்ளைகள் மிதித்து வைத்திருந்தால் யாருக்குக் கெட்ட பேர்? விழா ஜூனில் என்றார்கள். பிறகு ஜூலை என்றார்கள். ஆகஸ்டும் வந்துவிட்டது. பாடம் பழைய ஒழுகும் கட்டடத்திலேயே நடந்தது. பையன்களுக்கென்ன, ஊரே கழிப்பறை. பெண் பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளிக்குப் பின்னால் சீமைக் கருவேல மரங்களுக்குள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்று போய் வந்தார்கள். இத்தனை வருஷம் போனவர்கள் இன்னும் கொஞ்ச நாள் போனால் குடியா முழுகிவிடும் என்று டீச்சர் நினைத்தார்.

அவரும் உதவி ஆசிரியை பிரியங்காவும் மட்டும் கடைசிக் கதவைத் திறந்துகொள்வார்கள். "நாம சுத்தமா வச்சுக்குவோம்ல" என்று பிரியங்காவிடம் சொன்னபோது அது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஏழாம் வகுப்பு சங்கீதா உப்பளத்தில் வேலை செய்யும் மலர்கொடியின் மகள். மே மாதம்தான் வயசுக்கு வந்திருந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு டீச்சரே நேரில் போய், வாழ்த்திவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கணக்கில் அவள் புலி. டீச்சர் போர்டில் தப்பாகப் போட்டால் எழுந்து நின்று சொல்லிவிடுவாள். அதற்காகவே டீச்சருக்கு அவளைப் பிடிக்கும்.

ஒரு நாள் மதியம் அவள் தலைமையாசிரியை அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், பாத்ரூம் சாவி குடுக்கறீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

"ஒருத்திக்குத் தொறந்தா எல்லாரும் கேப்பாங்கம்மா. அடுத்த வாரம் விழா வச்சிடுவாங்க. இன்னைக்கு மட்டும் வீட்டுக்குப் போயிட்டு வந்துடேன்."

சங்கீதா தலையாட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போக மைதானத்தைத் தாண்ட வேண்டும். அங்கே அவள் வகுப்புப் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் உடையில் கறை பட்டிருந்ததை ஒருத்தன் பார்த்துவிட்டுக் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த டீச்சர் பையன்களைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினார். அதற்குள் அவள் ரோட்டை அடைந்திருந்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை.

அடுத்த வாரமும் விழா நடக்கவில்லை. வருகைப் பதிவுக்குப் பெயர் வாசிக்கும்போது டீச்சர் அவள் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அரசாங்க விஷயம், நம் கையில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசாட்சி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பொறியாளருக்குப் போன் போட்டார்.

"சார், விழாவுக்கு முன்னாடி டாய்லெட்டை மட்டும் தொறந்துக்கலாமா? பர்மிஷன் கிடைக்குமா?"

அந்தப் பக்கம் அவர் சிரித்தே விட்டார்.

"என்ன மேடம், விழா கிளாஸ்ரூமுக்குத்தான். டாய்லெட்டுக்குப் போய் யாராவது ரிப்பன் வெட்டுவாங்களா? அதைக் கட்டி முடிச்ச அன்னைக்கே உங்ககிட்ட ஒப்படைச்சாச்சே. பூட்டி வைக்கச் சொல்லி யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யார் மேலாவது பழியைப் போடலாம் என்று பார்த்தால் அவரைத் தவிர வேறு ஆளே இல்லை. அன்றைக்கே போய்ப் பூட்டைக் கழற்றினார். பெண் பிள்ளைகள் நம்பாமல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குப் போனார். மலர்கொடி உப்பைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். சங்கீதா தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். டீச்சரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க டீச்சர். வெயில்ல எதுக்கு இவ்ளோ தூரம்?" என்றாள் மலர்கொடி. "இதுக்குப் படிப்பு ஏறலையாம். கணக்கு ஒண்ணும் புரியலைன்னு அழுவுது. எவ்ளோ சொல்லியும் கேக்கல. நீங்க அவ்ளோ பாடுபட்டு ஸ்கூல் கட்ட வச்சீங்க, எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல."

கணக்குப் புரியவில்லையாம்! சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே திரும்பியிருக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு கணம் அந்த ஆசையும் அவருக்கு வந்தது. வந்ததற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"கணக்கெல்லாம் அதுக்கு நல்லா வரும் மலர்கொடி. அன்னைக்கு அது என்கிட்ட பாத்ரூம் சாவி கேட்டுச்சு. நான் குடுக்கல. வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டேன். போற வழியில பசங்க பாத்துச் சிரிச்சுட்டானுங்க."

மலர்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க என்னா பண்ணுவீங்க டீச்சர், மேல இருக்கறவங்க பூட்டி வைக்கச் சொல்லியிருப்பாங்க."

"யாரும் சொல்லல. நான்தான் பூட்டினேன்."

"அப்ப நீங்க எங்க போனீங்க டீச்சர்?"

மலர்கொடி குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"அங்கதான். எங்களுக்கு மட்டும் தொறந்துக்கிட்டோம்."

"எனக்குத் தெரியும்மா" என்றாள் சங்கீதா. "நான் சாவி கேக்கும்போது டீச்சர் அப்பதான் போயிட்டு வந்து கை தொடச்சுக்கிட்டு இருந்தாங்க."

"ஏன்டி இதை என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சண்டைக்குப் போவ. டீச்சரை ஊர்ல எல்லாரும் நல்லவங்கன்னு சொல்றாங்க."

சுலோசனா டீச்சர் வரப்பில் நின்றபடியே அழுதார். "தப்புப் பண்ணிட்டேன் சங்கீதா. பூட்டைக் கழட்டிட்டேன். இனிமே யாரும் சாவி கேக்க வேணாம். நாளைக்கு வந்துடும்மா."

"பரவால்ல டீச்சர், அழுவாதீங்க" என்றாள் அவள். திட்டியிருந்தால்கூட டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஆனா நான் வரல. அந்தப் பசங்க பாத்துட்டானுங்க."

"அவனுங்களை நான் கண்டிக்கறேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கறேன்."

"கேட்டா, பாத்தது மறந்துடுமா டீச்சர்?"

டீச்சர் மலர்கொடியைப் பார்த்தார். ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும், பெண் கேட்பாள். மலர்கொடி குனிந்து உப்புக் கூடையைத் தூக்கி மகளின் தலையில் வைத்துவிட்டாள்.