கோட்டையின் பெயரில் ஒரு குரல்

பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் காற்றில் ஒரு பெயர் உண்டு. அழைப்புக்குறி என்பார்கள். லைசென்ஸோடு வருவது, மாறாது. எப்போதாவது ஒரு விழா, ஒரு பழைய கோட்டை என்று காரணம் சொல்லி எழுதிப்போட்டால், தில்லியிலிருந்து சில நாளைக்கு மட்டும் புதுக் குறி ஒன்று தருவார்கள். நாள் முடிந்தால் அந்தப் பெயரும் முடிந்தது. அதனாலேயே அதற்கு அப்படி ஒரு கிராக்கி. பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு வந்து பேசுவார்கள்.

ஆலம்பரைக் கோட்டைக்கு அப்படியொரு குறி வாங்கலாம் என்ற யோசனை துர்காதேவியுடையது. படாளத்தில் ரோட்டின்மேல் பம்புசெட் சாமான் கடை வைத்திருப்பவள். அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கும் காயத்ரி அவளுடைய சிநேகிதி. லைசென்ஸ் பரீட்சைக்கு இருவரும் செங்கல்பட்டு ரயிலில் போகவர, ஒருத்தி முழங்காலில் இன்னொருத்தி மோர்ஸ் தட்டிப் படித்தவர்கள். இங்கிலீஷ் உனக்குத்தான் வரும், விண்ணப்பம் உன் பெயரிலேயே போகட்டும் என்று துர்காதேவிதான் சொன்னாள். கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோல யோசிக்காமல் சொன்னாள். கடைக்காரிக்கு எதற்கு ரேடியோ என்று சிரித்த சொந்தக்காரர்களிடமெல்லாம், கோட்டையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசப்போகிறோம் பாருங்கள் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் அது ஒன்றுதான்.

குறி கிடைத்தது. பேசவேண்டிய முதல் நாள் காலையில் காயத்ரி போன் செய்தாள். பிள்ளைக்கு ஜுரம், நீ ஆரம்பித்துவிடு, நான் மத்தியானத்துக்குமேல் வருகிறேன் என்றாள். துர்காதேவி பதறிப்போய், முதலில் பிள்ளையைப் பார், ரேடியோ எங்கே ஓடிப்போகிறது என்றாள். புருஷன் எல்லப்பன் லோடு வண்டியைக் கோட்டை இருக்கும் கடப்பாக்கத்துக்கு ஓட்டினான். இடிந்த மதிலில் கைவைக்காமல் வெளியே மணலில் மூங்கில் நட்டு ஆன்டெனாக் கம்பியைக் கட்டினார்கள். வண்டி பேட்டரியில் ரேடியோ ஓடியது.

வெயில் ஏற ஏறத் துர்காதேவி கோட்டையின் குறியைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம். முண்டியடிக்கும் கூட்டத்தை ஒரு பக்கமும் காணோம். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து சடையப்பன் என்றொரு பெரியவரின் குரல் ரேடியோவில் வந்தது.

"அம்மிணி, இந்தக் குறியோட நான் காலையிலயே பேசிட்டேனுங்க. அந்தம்மாவும் கோட்டையிலதான் இருக்கறதாச் சொன்னாங்க."

எவனோ எவளோ குறியைத் திருடிவிட்டதாகத்தான் துர்காதேவி நினைத்தாள். பாவம், நினைப்பு அணுபுரம் பக்கம் போகவே இல்லை. டயலைத் திருப்பினாள். அலைவரிசையில் கொஞ்சம் தள்ளி இரைச்சலாகக் கூட்டம் நின்றது. அதன் நடுவில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"மதிலை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கேன் சார். கடல்காத்து மைக்கையே தள்ளுது."

கடல்காற்று துர்காதேவியின் முந்தானையைத் தள்ளிக்கொண்டிருந்தது. மணல் அவள் பல்லில் நறநறத்தது. அங்கே குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் பெரிய ஆன்டெனா, கீழே மின்விசிறி. நோகாமல் நுங்கு தின்கிற ஆசை என்றால்கூட மன்னித்திருப்பாள். தனியாகவா வந்தீர்கள் என்று யாரோ கேட்க, ஆமாம், கூட வருகிறேன் என்றவர்கள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள் என்றாள் காயத்ரி.

சடையப்பன் அங்கேயும் போய்ச் சேர்ந்தார். இதே குறியில் இன்னொரு பொம்பளைக் குரல் கூப்பிடுகிறதே, அது யார் என்று கேட்டார். துர்காதேவி ரேடியோவோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"தெரியலை சார். யாரோ குறியைத் தப்பாப் பயன்படுத்துறாங்க. உங்க பதிவுப் புத்தகத்துல ஏத்தாதீங்க."

அனுமதி இருப்பது காயத்ரி பெயரில். இனி இந்தக் கோட்டையின் வாசலிலேயே உட்கார்ந்து கத்தினாலும் திருடி இவள்தான். துர்காதேவி மைக்கை எடுத்தாள். கோட்டையின் குறியைத் தொடவில்லை. தன் சொந்தக் குறியைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"இன்னா காயத்ரி, புள்ளைக்கு ஜுரம் எப்டி கீது?"

அத்தனை இரைச்சலும் அடங்கிப்போனது. ஏதாவது சொல்லுடி என்று துர்காதேவியின் மனசு கெஞ்சியது. இன்னொரு பொய்யாவது சொல்லு, நான் நம்பித் தொலைக்கிறேன். அவ்வளவு நாள் பழக்கத்துக்கு அந்த ஒரு பொய்யே போதும் என்று இருந்தது அவளுக்கு. காயத்ரியின் குரல் கணீரென்று வந்தது.

"மேடம், உங்க சிக்னல் நல்லா வருது. ஆலம்பரைக் கோட்டையைக் கூப்பிட்டதுக்கு நன்றி. உங்களைப் பதிவுல ஏத்திட்டேன். அடுத்த ஸ்டேஷன் வாங்க."

உடனே கூட்டம் மறுபடி முண்டியடித்தது. துர்காதேவி ரேடியோவை அணைத்தாள். மூங்கில் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்த எல்லப்பனுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை.

"இன்னா, காயத்ரி வந்துகினு கீதா?"

"அவ வரமாட்டா. கம்பியக் கழட்டு."