பதினாறாவது சேனலில் உமாபதி

சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன்பிடிக்கப் போன உமாபதியின் படகு, புயலில் மூழ்கிய பிறகும் ரேடியோவின் பதினாறாவது சேனலில் அலை அனுப்பிக்கொண்டிருந்தது. பேச்சு இல்லை, பேச்சைச் சுமந்து வரவேண்டிய வெறும் கேரியர் அலை மட்டும், யாரோ மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதுபோல. படகு முழுகியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆபத்தில் கூப்பிடுவதற்கான சேனலே அடைபட்டுவிட்டதால், பாசிர் பெனம்பாங் வரையுள்ள கரையில் மீனவர் யாரும் கடலுக்குப் போகவில்லை. தேடுதலையும் அன்று மாலையோடு நிறுத்துவதாக இருந்தது.

அலை வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடக்க ரவாங்கிலுள்ள தகவல் தொடர்பு அலுவலகத்திலிருந்து பிரேமலாவை அனுப்பினார்கள். சிக்னல் அளக்கும் மீட்டரோடு அவள் படகுத்துறையில் இறங்கியதும் உமாபதியின் மனைவி லோகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அலை லேசில் பிடிபடவில்லை. மெலிந்தது, ஓரிடத்தில் நிற்காதது. அருகிலிருந்த தொலைபேசிக் கோபுரத்தின் பலத்த சிக்னல் வேறு அதை மூடிக்கொண்டது. மீட்டரில் அலைவரிசையை அகலமாகத் திறந்தால் கோபுரம்தான் தெரிந்தது. குறுக்கினால் அலை நழுவியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அத அடைச்சிடாத தங்கச்சி. அவரு கை அது” என்றாள் லோகேஸ்வரி.

பிரேமலா மீட்டரின் ஆன்டெனாவில் அலை வாங்காத குருட்டுப் பக்கத்தைக் கோபுரத்துக்குத் திருப்பினாள். கோபுரம் திரையில் அமிழ்ந்தது. அடியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று நடுங்கி எழுந்தது. குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி அதன் பின்னாலேயே போனாள். பிடிபட்டதும் ஆன்டெனாவைக் கடல் பக்கம் காட்டினாள். ஒன்றுமில்லை. கரைக்கு உள்ளே, புக்கிட் ரோத்தான் தோட்டத்துப் பக்கம் திருப்பியதும் கோடு நிமிர்ந்தது.

“அக்கா, அவரு கடல்ல இல்ல லா. தோட்டத்துல இருந்து வருது.”

“கடல்ல முழுகின போட்டு எப்படிம்மா தோட்டத்துக்கு வரும்?”

“தெரியல கா. மீட்டரு அப்படித்தான் காட்டுது.”

வேனில் போகும்போது லோகேஸ்வரி மீட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. கோடு குட்டையாகிக்கொண்டே வந்தது. “சீக்கிரம், சீக்கிரம்” என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே படகு நிமிர்ந்து நின்றது. பலகைகளிலிருந்து உப்புநீர் சொட்டியது. வலையில் மீன்கள் துள்ளின. உமாபதி உதடு வெடித்து, மைக் பொத்தானில் கட்டைவிரலோடு உட்கார்ந்திருந்தான். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது.

“கைய எடுங்க. வந்துட்டோம்” என்றாள் பிரேமலா.

“எடுத்தா நீங்க தேடறத விட்டுடுவீங்களோன்னு…” என்றான், குரலே இல்லாமல்.

லோகேஸ்வரி அந்த விரலை மெதுவாகப் பிரித்தெடுத்தாள். திரையில் கோடு படுத்தது. அதே நொடியில் பாசிர் பெனம்பாங்கின் ரேடியோக்கள் எல்லாம் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன.

படகு எப்படி வந்ததென்று தோட்ட நிர்வாகம் கொஞ்ச காலம் விசாரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. உமாபதி இப்போது அங்கேயே லோரி ஓட்டுகிறான். குலை வெட்டுகிறவர்கள் படகைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கடல் ஏறும் நாட்களில் மட்டும், அது கிளம்பிவிடாமலிருக்க, கயிறு போட்டு ஒரு மரத்தில் கட்டிவைக்கிறார்கள்.