இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்

"இழு" என்றார் வெர்லின்.

ஆர்டன் நாணில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான். சுவரில் அறைந்திருந்த பலகையின் உச்சியில் குறுக்காகக் கிடந்த வில் லேசாக முனகிக்கொண்டு வளைந்தது. கயிற்றை இழுக்கிறவனுக்கு வில் தலைக்கு மேலே இருக்கும். கண்ணுக்கு எதிரே இருப்பது வெறும் சுவர்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்க்க வேண்டுமானால் அறையின் மறுகோடியில் இருக்க வேண்டும். மறுகோடியில்தான் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தது. அதில் அவனுடைய அண்ணன் வெர்லின் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்திருந்தார்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். நில்லு."

ஆர்டன் அப்படியே நின்றான்.

"வலப்பக்கம் வெறைப்பா நிக்குது. ம், விடு."

விடு என்று சொல்லும்வரை விடக்கூடாது; சொன்ன பிறகும் மெல்ல மெல்லத்தான் விட வேண்டும். அம்பில்லாமல் வெறும் நாணைச் சட்டென்று விட்டால் வில் இரண்டாகிவிடும். இதை வெர்லின் தன் முதல் வில்லில் கற்றுக்கொண்டிருந்தார். வில்லின் முதுகு முழுக்க மரத்தின் ஒரே வருஷ வளையமாக இருக்க வேண்டும், அதைக் கத்தி தாண்டிவிட்டால் அங்கேதான் முறியும் என்பதை இரண்டாவது வில்லில் கற்றுக்கொண்டார். அந்த இரண்டு வில்களின் நான்கு துண்டுகளும் கொட்டகையில், பன்றித் தொடைகளைத் தொங்கவிட்ட மாதிரி வரிசையாகத் தொங்கின. இது மூன்றாவது. அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து வில் வேலையில் அவ்வளவுதான் அனுபவம்.

ஆர்டன் வில்லை இறக்கி, மடியில் வைத்து, விறைத்த பக்கம் இளகுவதற்காக அதன் உட்புறத்தை இரும்புத் தகட்டால் சுரண்டினான். வேலிமரத்தின் தூள் மஞ்சள் மாவாகக் கம்பளத்தில் உதிர்ந்தது. ஒரு காலத்தில் எங்கள் கான்சஸ் பக்கத்தில் வயல்களுக்கு வேலியாக வரிசை வரிசையாக நட்டதால் அதற்கு வேலிமரம் என்றே பெயர். கல் மாதிரி மரம். புயலில் விழுந்த ஒன்றைப் பிளந்து, வெடிக்காமலிருக்க முனைகளில் பெயிண்ட் அடித்து, வருஷக்கணக்கில் தன் கட்டிலுக்கு அடியில் காய வைத்திருந்தார் வெர்லின். பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்திருந்தால் அங்கே வைக்க விட்டிருக்க மாட்டாள்.

"அம்மா இருந்திருந்தா, அவளோட சுவத்துல ஆணி அடிச்சதுக்கு ரெண்டு பேரையும் வீட்ட விட்டுத் தொரத்தியிருப்பா" என்றான் ஆர்டன்.

"ஒன்ன மட்டும். நான்தான் நோயாளியாச்சே."

சனி, ஞாயிறு இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவன் நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்தான். அது வாரக்கணக்காகிவிட்டது. அவனுக்கு அங்கே, குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற சூட்டடுப்புகளைப் பழுது பார்க்கிற வேலை. அக்டோபர் பிறந்துவிட்டால் ஊரில் உள்ளவர்களெல்லாம் ஒரே நாளில் குளிரை உணர்ந்து போன் செய்வார்கள். முதலாளி காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்த அன்றைக்கே அவன் அண்ணனிடம் சொல்லிவிட்டான்.

"வில்லு முடிஞ்சதும் கெளம்பிருவேன்ணே. அதுவரைக்கும் இருக்கேன்."

"சரி. முடிச்சுக் குடுத்துட்டுப் போ. ஓடக்கரைல ஒரு மானாவது பாக்கணும்."

இரண்டு பேருக்கும் தெரியும், வெர்லின் இனி ஓடைக்கரைக்குப் போகப் போவதில்லை. வயிற்றில் கட்டி, மருந்தெல்லாம் நிறுத்தியாகிவிட்டது, வலிக்கு மட்டும் ஊசி. ஆனாலும் மானைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மானைப் பற்றிப் பேசினால் வேறு எதையும் பேச வேண்டியதில்லை.

அவர்களுடைய அப்பா ஒருத்தர் இருந்தார். வந்த விருந்தாளி கிளம்புவதற்குத் தொப்பியை எடுத்தால் "இருந்துட்டுப் போங்க" என்று அவர் வாயிலிருந்து வராது. "அந்தக் கேட்டுக் கீல் கத்துது, ஒரு பார்வ பாத்துட்டுப் போயேன்" என்பார். கீல் முடிந்தால் கோழிக்கூடு. கோழிக்கூடு முடிந்தால் டிராக்டர். எங்கள் பக்கம் மென்னோனைட் சபை ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். அப்பா செத்தபோது ஊரில் சரியாக ஓடாத டிராக்டரே கிடையாது என்று கேலி செய்வார்கள்.

ஜோலீன் தினமும் காலையில் வந்து ஊசி போட்டு, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுப் போகிற நர்ஸ். அன்றைக்கு அவள் வந்தபோது ஆர்டன் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து வில்லைப் பார்த்தாள்.

"இன்னுமா முடியல? எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ஒனக்கு வில்லப் பத்தி என்ன தெரியும்? நீ ஊசி குத்துற வேலையப் பாரு" என்றார் வெர்லின்.

"ஐயோ, வாய்க்கு மட்டும் ஒரு சீக்கும் வரல உங்களுக்கு."

ஆர்டன் சுவரைப் பார்த்தபடியே சிரித்தான். பிறகு வெர்லின் "விடு" என்றார், விட்டான். இடப்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டச் சொன்னார், சுரண்டினான். மறுபடி மாட்டினால் வலப்பக்கம் விறைப்பு என்றார்.

அவனே ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்டிருந்தான். "கொட்டகைல கப்பி கெடக்கே. அதப் பலகைக்குக் கீழ மாட்டிக் கயித்தக் கோத்தா, நானே ஓங்கிட்ட ஒக்காந்து இழுத்துப் பாத்துக்குவேனே. ஒனக்கும் செரமமில்ல."

"கப்பி தனியா இருக்குறவனுக்கு. நீதான் இருக்கியே, இழு."

சரி, படுத்திருக்கிற மனுஷனுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்று அவன் விட்டுவிட்டான். கயிறு முன்னைவிட லேசாக வருகிற மாதிரி இருந்தது. தினமும் இழுத்து இழுத்துத் தன் கைதான் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். இந்த வயசில் கை தேறுகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜோலீன் கிளம்பும்போது வாசல்வரை வந்த ஆர்டனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கால் சில்லிட்டுப் போயிருக்கு. இன்னிக்கோ நாளைக்கோதான். பக்கத்துலயே இருங்க."

"பக்கத்துலதான் இருக்கேன்."

மதியத்துக்கு மேல் வெளிச்சம் ஜன்னல் வழியாக நேராகச் சுவரில் விழுந்தது. வெர்லின் கொஞ்ச நேரம் தூங்கி, விழித்து, ஆரஞ்சுச் சாறு ஒரு மடக்குக் குடித்தார். போன் அடித்தது. ஆர்டன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு சத்தத்தை அடக்கிப் பைக்குள் போட்டான்.

"மொதலாளியா?"

"ஆமா."

"இழு பாப்போம்."

"தூங்குண்ணே. அப்புறம் பாக்கலாம்."

"இழுடா."

ஆர்டன் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தான்.

"இன்னும்" என்றார் வெர்லின். குரல் கம்மியிருந்தது. "இன்னும் கொஞ்சம்."

அவன் இழுத்து நிறுத்தினான். சுவரில் வெள்ளைச் சாயத்தில் ஒரு விரிசல், அம்மாவின் கடிகாரம் தொங்கின இடத்தில் வட்டமாக ஒரு வெளுத்த தடம். தினமும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். வலப்பக்கமா இடப்பக்கமா என்று அண்ணன் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். வில்லை இவ்வளவு நேரம் வளைத்து வைப்பது நல்லதில்லை. ஆனால் விடு என்று சொல்லாமல் எப்படி விடுவது?

"போதுமாண்ணே?"

வெளியே யாருடைய வயலிலோ அறுப்பு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. திரும்பிப் பார்க்காத வரைக்கும் அண்ணன் வில்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தோள் வலித்து, விரல் மரத்துப்போகும்வரை அவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு யாரும் சொல்லாமலே கயிற்றை மெல்ல மெல்ல விட்டான். வில் நேரானது. அவன் திரும்பினான். வெர்லினுடைய கண் திறந்திருந்தது, பலகையைப் பார்த்தபடி.

அடக்கம் சனிக்கிழமை. சாப்பாடு சர்ச்சின் கீழ்த்தளத்தில், எப்போதும்போல: ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த இரட்டை பன், பன்றிக்கறித் துண்டு, பாலாடைக்கட்டி, ஊறுகாய், காபி. ஆண்கள் சோள அறுப்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். "நல்ல மனுஷன், யார் வம்புக்கும் போகாதவன்" என்று ஒவ்வொருவராக வந்து ஆர்டனின் கையைக் குலுக்கினார்கள். ஒருத்தர் வம்புக்கும் போகாமல் இருந்தார் என்றால், ஒருத்தர் வீட்டுக்கும் போகாமல் இருந்தார் என்றும் அர்த்தம். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு கிழவி மட்டும் கேட்டாள்.

"அவன் இருந்தப்ப கிறிஸ்துமஸுக்கெல்லாம் நீ வருவியாப்பா?"

"போன் பண்ணுவேன்."

"என்ன பேசுவீங்க?"

"அங்க பனி விழுதான்னு கேப்பேன். இங்க விழுதும்பான் அண்ணன்."

வீட்டுக்குத் திரும்பியபோது ஆஸ்பத்திரிக் கட்டிலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கம்பளத்தில் நான்கு கால்களின் குழி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் தூள். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆர்டன் கொஞ்ச நேரம் நின்றான். காலையில் கிளம்பிவிடலாம். முதலாளியிடம் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. வில்லையும் வண்டியில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது முடியவில்லையே. வலப்பக்கம் விறைப்பாக இருக்கிறதே. அண்ணன் கடைசியாகச் செய்த பொருளை அரைகுறையாகக் கொண்டுபோய் மூலையில் சாத்த அவனுக்கு மனசு வரவில்லை. முடித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னவன் அவன்தான்.

கொட்டகைக்குப் போய்க் கப்பியைத் தேடினான். கதவுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிற ஆணியில் தொங்கியது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. அதைக் கொண்டுவந்து பலகைக்குக் கீழே திருகி, கயிற்றைக் கோத்து, பின்னோக்கி நடந்து அறையின் மறுகோடிக்கு வந்தான். ஒரு நாற்காலியை அந்த நான்கு குழிகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தான். இழுத்தான்.

வில் வளைந்தது.

முதல் தடவையாக அவன் அதைப் பார்த்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக, ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைய இல்லாமல், அழகாக வளைந்து இறங்கின. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். கோணல் இல்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பார்த்தான். வில்லைத் தலைகீழாக மாற்றி மாட்டியும் பார்த்தான். இது நேற்று முடிந்த வேலை இல்லை. முடிந்து எத்தனையோ நாளாகியிருக்க வேண்டும்.

மீன் நிறுக்கிற தராசுக் கொக்கியைக் கயிற்றில் மாட்டி இழுத்தான். மான் வேட்டைக்கென்று ஐம்பது பவுண்டு இழுவிசையில் தொடங்கிய வில். முள் இருபதைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. பிறந்தநாளுக்குக் குழந்தைக்கு வாங்கித் தருகிற வில்லுக்கு இவ்வளவுதான் இருக்கும். மீதி மரமெல்லாம் அவன் காலடியில் மஞ்சள் தூளாகக் கிடந்தது. அவன் கை ஒன்றும் தேறவில்லை.

அந்தப் பாவி மனுஷன் ஒரு தடவைகூட இருடா என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் வாடா என்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேனா என்று ஆர்டன் தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதான்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்துப் பண்ணை டெல்பெர்ட், சர்ச்சில் மிஞ்சியதை ஒரு தட்டில் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது. ஆர்டனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சுவரைப் பார்த்தார்.

"வீட்டுல லாவெர்னா குடுத்தனுப்பினா. பன்னு ராத்திரிக்கும் ஆகும்."

"அங்க வைங்க."

டெல்பெர்ட் தட்டை மேசையில் வைத்தார். தொப்பியைக் கையில் சுற்றினார். "காலைல கெளம்புறியாமே. சூட்டடுப்பு வேலன்னா இப்பதானே சீசன்." கதவுப் பக்கம் திரும்பினார். "சரி, அப்ப நானும் வரேன்."

"டெல்பெர்ட்."

"ம்?"

"அந்தக் கயித்த ஒரு நிமிஷம் பிடிச்சு இழுங்களேன். இங்கேர்ந்து பாக்கணும்."

"அதான் கப்பி மாட்டியிருக்கியே?"

"கப்பி சரியில்ல."

டெல்பெர்ட் கப்பியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, கயிற்றைக் கப்பியிலிருந்து உருவி இரண்டு கையாலும் பிடித்தார்.

ஆர்டன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இழுங்க" என்றான். "இன்னும். இன்னும் கொஞ்சம். நில்லுங்க."

கறுப்புக் கோட்டின் முதுகு அசையாமல் நின்றது. அதற்கு மேலே வில் ஒரு குறையும் இல்லாமல் வளைந்திருந்தது.

"வலப்பக்கம்" என்றான் ஆர்டன்.