கந்தப்பு திருப்பிப் பார்க்காத படங்கள்

பிரிக்பீல்ட்ஸில் துணி வெளுக்கும் டோபி அய்யாவுவுக்கு இரண்டு வருமானம். ஒன்று துரைமார் வீட்டுத் துணி. மற்றது, அந்தத் துணிப் பைகளில் கிடக்கும் சிகரெட் படங்கள். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் விளையாட்டுக்காரர் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று வரும். திருப்பிக் கொடுத்தால் துரைமார் சிரித்துக்கொண்டே அவரையே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அய்யாவு அவற்றைக் கிள்ளான், பந்திங் என்று ஆள் தேடிப் போய் விற்பார்.

வாங்குகிறவர்களில் தீராத ஆசைக்காரர், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி கந்தப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சேர்த்தது நாற்பத்தெட்டுப் படம் கொண்ட ஒரு வரிசை. அந்த வரிசை வந்த சிகரெட் இங்கே சில மாதம்தான் விற்றது. நாற்பத்தேழு கிடைத்துவிட்டன. முப்பத்தொன்றாம் நம்பருக்காக மூன்று வருஷமாகக் காத்திருந்தார்.

1934இல் ஒரு வெள்ளிக்கிழமை, வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்து சலவைக்கு வந்து, தொட்டியில் ஊறிய ஒரு கோட்டுப் பையில் அய்யாவுவின் விரலில் அது தட்டுப்பட்டது. பிய்ந்துவிடாமல் மெல்ல உரித்து, படம் கீழே இருக்கும்படி துணிமேல் காயவைத்தார். நம்பர் படத்தின் அடியில்தான் இருந்தது; பின்பக்கத்தில் எழுத்தில்லை, வெறும் வண்ணத் தீற்றல். ஓரத்தில் பாதிக் கை ஒன்று தெரிந்தது. கறையைப் பார்த்தே எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். அந்தக் கையின் மீதி விரல்களை வேறோர் அட்டையில் பார்த்த ஞாபகம் வந்தது.

ஞாயிறு காலை கந்தப்பு வீட்டுக்குப் போனார்.

"ஐயோ கடவுளே, முப்பத்தொண்டு! உது எங்கை கிடைச்சது?" கந்தப்பு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அது இருக்கட்டும் ஐயா. பின்னால ஒரு கை இருக்கு பாருங்க. மிச்சக் கைய நான் உங்களுக்கு ஏற்கெனவே வித்திருக்கேன்."

"என்ன சொல்லுறாய்? நான் ஒரு நாளும் திருப்பிப் பார்க்கேல்லை."

ஆல்பத்திலிருந்து எல்லாவற்றையும் உருவித் தரையில் கவிழ்த்தார்கள். கை கையோடு சேர்ந்தது. தொப்பி தலையோடு சேர்ந்தது. ஓரம் பார்த்து ஓரம் பார்த்து இருவரும் முழங்காலிலேயே நகர்ந்தார்கள். நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் முப்பத்தொன்றை வைத்ததும் ஒரே படமாக நிறைந்தது.

ஒரு பெரிய மைதானம். சுற்றிலும் அடுக்கடுக்காக ஆயிரமாயிரம் பேர். ஒவ்வொரு முகமும் அரிசி அளவு, ஒவ்வொன்றிலும் கண்ணும் வாயும். நடுவே தன்னந்தனியாக ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

அடுப்படியிலிருந்து வந்த கந்தப்புவின் மனைவி குணபூசணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "இவ்வளவு சனமோ!"

அய்யாவு எழுந்து படத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். 'இதையா இத்தனை நாள் துண்டு துண்டாக விற்றேன்?' பந்திங்கில் ஒரு துண்டு, கிள்ளானில் ஒரு துண்டு, எத்தனையோ வீடுகளில் இந்த ஜனம் சிதறிக் கிடந்தது.

அந்த வாரமே தன்னிடம் படம் வாங்கிய அத்தனை பேரிடமும் போய்ச் சொன்னார். அடுத்த ஞாயிறு கந்தப்பு வீட்டு வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பழனியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவில்லை.

"இவ்ளோ பேரும் எதுக்குக் கூடியிருக்காங்க?"

"ஒருத்தன் ஓடுறதைப் பார்க்க," என்றார் கந்தப்பு.

"ஒருத்தன் ஓடுறதப் பாக்கவா!" என்றார் பழனியப்பன். மூச்சுக் காற்று பட்டு அட்டைகள் கலைந்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டார்.